சீமைச் சைக்கிளின் பிறந்த ஊர்

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களில் பழம்பொருள்கள் நெடுநாள் தங்குவதில்லை. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் சுமையைக் குறைப்பதே நம் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு குறைத்துக் குறைத்து எஞ்சியவற்றுள், பாட்டனார் வாங்கிய குத்துவிளக்குக்கும் பித்தளை அண்டாவுக்கும் அடுத்தபடியாகப் பல வீடுகளில் காணப்படுவது ஒரு பழைய சைக்கிள். ஓட்டுவார் இன்றித் தாழ்வாரத்திலோ மாடிப்படியின் கீழோ அது சாய்ந்து நிற்கும். விருந்தினர் யாரேனும் அதைப் பார்த்துவிட்டால், "இது அசல் சீமைச் சைக்கிள், இங்கிலாந்திலே செய்தது" என்று வீட்டுப் பெரியவர் பெருமையுடன் கூறுவார்.

அந்தப் பெருமையில் உண்மை எவ்வளவு? அதை அறிய வழி உண்டா? அண்மைக் காலத்தில் பழைய சைக்கிள்களைத் தேடி வாங்குவோர் பெருகியிருக்கின்றனர். சீமை வண்டிக்கு ஒரு விலை, நாட்டு வண்டிக்கு ஒரு விலை என்று பேசப்படுகிறது. விவரம் அறியாமல் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு. புதிதாக ஒட்டிய சின்னத்தை நம்பி மிகுந்த விலை கொடுத்து ஏமாறுவோரும் உண்டு. ஆகவே ஒரு சைக்கிளின் பிறப்பிடத்தைத் தேடும் முறையை நம் அன்பர்கள் அறிந்து வைத்திருப்பது பயனுடையது.

சீட்டு கூறும் ஊர்

இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு ஒன்று நன்கு தெரியும். ஒரு பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, அப்பெட்டி எந்த நிலையத்தில் ஏற்றப்பட்டது, எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்பதை மட்டுமே கூறும். உள்ளே இருக்கும் பொருள் எங்கே விளைந்தது, எங்கே செய்யப்பட்டது என்பதை அது கூறாது. நாகபுரியில் விளைந்த ஆரஞ்சு ஹௌராவில் மறுபடியும் பதிவாகி வந்தால், சீட்டின்படி அது ஹௌராப் பழமேயாகும்!

சைக்கிளின் முகப்பிலுள்ள சின்னமும் அத்தகையதே. அப்பெயருக்கு உரியவர் யார் என்று அது சொல்லும். ஆனால் பிரேம் எனப்படும் சட்டத்தை இணைத்த ஊர் வேறாக இருக்கலாம். சங்கிலியும் இருக்கையும் மணியும் செய்த ஊர்கள் வேறாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டிய ஊர் இன்னும் வேறாக இருக்கலாம். ஆகவே, "இது எந்த ஊர்ச் சைக்கிள்?" என்னும் வினாவை நான்காகப் பிரித்துக் கேட்க வேண்டும். பெயர் எந்த ஊருடையது? சட்டம் எங்கே உருவானது? உறுப்புகள் எங்கே செய்யப்பட்டன? வண்டி எங்கே பூட்டப்பட்டது? இந்த நான்கிற்கும் ஒரே விடை வரும் சைக்கிள் மிக அரிது.

இங்கிலாந்தின் மூன்று நகரங்கள்

நாம் சீமைச் சைக்கிள் என்று சொல்வனவற்றுள் பெரும்பாலானவை இங்கிலாந்தின் மூன்று நகரங்களோடு தொடர்புடையவை. அவை கோவென்ட்ரி, பர்மிங்காம், நாட்டிங்காம் என்பன.

கோவென்ட்ரியில் தையல் இயந்திரம் செய்துவந்த தொழிற்சாலை ஒன்று, 1860-களின் இறுதியில் பாரிஸ் நகரத்தின் தேவைக்காக மிதிவண்டிகளைச் செய்யத் தொடங்கியது. அங்கே மேற்பார்வையாளராக இருந்த ஜேம்ஸ் ஸ்டார்லி அத்தொழிலை வளர்த்தார். அவருடைய உடன்பிறந்தார் மகனாகிய ஜான் கெம்ப் ஸ்டார்லி, 1885-ஆம் ஆண்டில் 'ரோவர்' என்னும் வண்டியைக் கொணர்ந்தார். ஏறத்தாழ ஒத்த அளவுடைய இரண்டு சக்கரங்கள், பின் சக்கரத்தை இழுக்கும் சங்கிலி என இன்று நாம் காணும் உருவத்தின் முன்னோடி அதுவே. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அதன் பின்னர் சைக்கிள் செல்வர் விளையாட்டு என்னும் நிலை மாறி, உழைப்பாளியின் ஊர்தியாகும் காலம் வந்தது.

பர்மிங்காம் துப்பாக்கிக்கும் சிறு இரும்புப் பொருள்களுக்கும் பெயர் பெற்ற நகரம். அங்கே துப்பாக்கி செய்வோர் 1861-இல் கூடி அமைத்த கம்பெனியே பி. எஸ். ஏ. என்பது. 'பர்மிங்காம் சிறு ஆயுதங்கள்' என்பதே அம்மூன்று எழுத்துகளின் பொருள். இராணுவம் துப்பாக்கி வாங்காத காலங்களில் இயந்திரங்களும் ஆட்களும் சும்மா இருக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு வேலை தர 1880-ஆம் ஆண்டளவில் அக்கம்பெனி சைக்கிள் தொழிலில் இறங்கியது. மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சார்த்தி நிறுத்திய அதன் சின்னத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். பள்ளிக்கூடம் போகும் வண்டியில் துப்பாக்கி எதற்கு என்று வியந்தும் இருப்போம். அதே நகரில் கிரேன் சகோதரர்கள் 1910-இல் தொடங்கியது ஹெர்குலிஸ். அடுத்திருந்த ஸ்மெத்விக் பகுதியில் இருந்தது பிலிப்ஸ்.

முழு வண்டிகளைக் காட்டிலும் உறுப்புகளில்தான் பர்மிங்காமின் கை ஓங்கியிருந்தது. 1866-இல் தோன்றிய புரூக்ஸ் கம்பெனியின் தோல் இருக்கை, லூகாஸ் விளக்கு, பெரி கம்பெனியின் ஹப்பும் ப்ரீவீலும், ரெனால்ட்ஸ் குழாய் ஆகிய யாவும் அங்கிருந்தே மற்ற ஊர்ச் சைக்கிள்களுக்கும் சென்றன. ஆகவே இருக்கையில் 'பர்மிங்காம்' என்றிருப்பதைக் கண்டு வண்டியே பர்மிங்காமில் பிறந்தது என்று முடிவு கட்டலாகாது.

நாட்டிங்காம் ராலியின் ஊர். ராலி என்பது அந்நகரத்துத் தெரு ஒன்றின் பெயர். அத்தெருவில் நடந்துவந்த ஒரு சிறு பட்டறையை 1880-களின் இறுதியில் பிராங்க் போடன் என்பவர் வாங்கிப் பெருந்தொழிலாக்கினார். சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மூன்று வேகங்களை அடக்கும் 'ஸ்டர்மி ஆர்ச்சர்' கியர் 1902-இல் இக்கம்பெனியின் ஆதரவில் உருவாயிற்று. 1951-இல் ராலி ஓர் ஆண்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சைக்கிள்களைச் செய்தது. அவற்றுள் பெரும்பகுதி கடல் கடந்து சென்றது.

பெட்டியில் வந்த வண்டி

இத்துணைச் சைக்கிள்கள் நம் நாட்டுக்கு எவ்வாறு வந்தன? முழு வண்டி எடையில் குறைவு. ஆனால் இடத்தை அடைப்பதில் யானை. கப்பலில் இத்தகைய பொருளுக்கு எடையைப் பார்க்காமல் அடைக்கும் இடத்தைப் பார்த்தே கூலி வாங்குவர். ஆதலின் சக்கரங்களைக் கழற்றி, ஹாண்டில் பாரைத் திருப்பி, பெடல்களை நீக்கி மரப்பெட்டிகளில் நெருக்கி அடுக்கி அனுப்பினர். சில வேளைகளில் சட்டங்கள் ஒரு பெட்டியிலும், ரிம்களும் போக்ஸ் கம்பிகளும் வேறு பெட்டிகளிலுமாக வந்து சேரும். கல்கத்தா, பம்பாய், சென்னைத் துறைமுகங்களில் இறங்கிய அவற்றை வணிகர்கள் தம் பட்டறைகளில் பூட்டி விற்றனர். தம் கடைப் பெயரை ஒட்டியவர்களும் உண்டு. ஆகவே சட்டம் நாட்டிங்காமில் பிறந்து, வண்டி கல்கத்தாவில் பிறந்தது என்று சொல்லத்தக்க நிலை அப்போதே இருந்தது.

நம் போன்ற நாடுகளுக்கென்று அனுப்பிய வண்டிக்கும் ஒரு தனி உருவம் இருந்தது. 28 அங்குலச் சக்கரம், கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பியால் இயங்கும் பிரேக், சங்கிலியை மூடும் உறை, கரடுமுரடான பாதைக்கும் இருவர் மூவர் சுமைக்கும் தாங்கும் கனத்த சட்டம் என்பன அதன் அடையாளங்கள். பால்காரரும் தபால்காரரும் பள்ளி ஆசிரியரும் ஓட்டியது இவ்வண்டியே. பின்னர் இந்தியத் தொழிற்சாலைகளும் இதே உருவத்தையே மேற்கொண்டமையால், உருவத்தை மட்டும் பார்த்துச் சீமை வண்டி என்று கூறுதல் இயலாது.

ஒரே சின்னம், பல ஊர்கள்

இங்கிலாந்துக்குள்ளேயே சின்னங்கள் ஊர் மாறின. ரட்ஜ் சைக்கிளின் சின்னம் விரித்த உள்ளங்கை. கோவென்ட்ரியில் பிறந்த அப்பெயர், பின்னர் லண்டனை அடுத்த ஹேய்ஸ் என்னும் இடத்துக்குச் சென்று, 1943-இல் ராலியின் கைக்கு வந்தது. அதன் பின் வெளிவந்த ரட்ஜ் நாட்டிங்காமில் செய்தது. ஹம்பர் 1932-இல் ராலியோடு சேர்ந்தது. பி. எஸ். ஏ. சைக்கிள் தொழிலும் 1957-இல் ராலிக்கு விற்கப்பட்டது. ஹெர்குலிசும் பிலிப்சும் 'டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்' என்னும் பெருங்கம்பெனியின் குடையின்கீழ் இருந்தன. 1960-இல் அக்கம்பெனியும் ராலியும் இணைந்தபோது, முன்பு ஒன்றையொன்று எதிர்த்துப் போட்டியிட்ட பெயர்கள் எல்லாம் ஒரே குடும்பமாயின. பின்னாளில் ஒரே கூடத்தில் இணைத்த சட்டங்களுக்கு வெவ்வேறு பெயர்த் தகடுகளைப் பொருத்தி அனுப்பினர்.

அந்தப் பெருந்தொழிலும் நிலைக்கவில்லை. ஸ்டர்மி ஆர்ச்சர் 2000-ஆம் ஆண்டில் தைவான் நாட்டவருக்கு விற்கப்பட்டது. நாட்டிங்காமில் ராலி சைக்கிள் பூட்டும் வேலை 2002-இல் நின்றுவிட்டது.

நம் நாட்டுத் தொழிற்சாலைகள்

இந்தியாவில் சைக்கிள் தொழில் 1930-களின் இறுதியில் கல்கத்தா, பம்பாய், பாட்னா ஆகிய நகரங்களில் அரும்பியது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்துக் குறைந்தபோதுதான், சொந்தத் தொழிலின் இன்றியமையாமை எல்லார்க்கும் விளங்கிற்று. சுதந்திரத்துக்குப் பின் அயல்நாட்டுச் சைக்கிள் இறக்குமதிக்குத் தடைகள் எழுந்தன. அதைக் கண்ட ஆங்கிலக் கம்பெனிகள் இந்நாட்டாரோடு கூட்டுச் சேர்ந்து இங்கேயே ஆலை அமைக்க முன்வந்தன.

நான் பணிபுரியும் ஆசன்சோலின் கன்யாப்பூர்ப் பகுதியில் எழுந்த சென்-ராலி ஆலை அவற்றுள் ஒன்று. வங்காளத்தைச் சேர்ந்த சுதிர் குமார் சென் ராலியோடு சேர்ந்து நிறுவிய அவ்வாலையில் 1952-இல் உற்பத்தி தொடங்கியது. ராலி, ரட்ஜ், ஹம்பர், ராபின்ஹுட் ஆகிய பெயர்களில் வண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. பம்பாயின் ஹிந்த் சைக்கிள்ஸையும் இதனையும் 1980-இல் ஒரே சட்டத்தின் மூலம் அரசு நாட்டுடைமையாக்கியது. பின்னர் இவ்வாலை மூடப்பட்டது. இன்று ஆலை இல்லை. ஆனால் 'சென்-ராலி சாலை' இருக்கிறது. அச்சாலையில் நாள்தோறும் போய்வரும் இளைஞர் பலருக்கு அப்பெயரின் காரணம் தெரியாது.

மற்றொன்று நம் தமிழகத்தில் எழுந்தது. முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸுடன் சேர்ந்து 1949-இல் 'டி. ஐ. சைக்கிள்ஸ்' கம்பெனியை நிறுவினர். சென்னையை அடுத்த அம்பத்தூர் ஆலையிலிருந்து 1951-இல் ஹெர்குலிசும், 1959-இல் பிலிப்சும், 1964-இல் பி. எஸ். ஏ.யும் வெளிவந்தன. முதலில் உறுப்புகள் பல கடல் கடந்தே வந்தன. ஆண்டுதோறும் ஒவ்வொன்றாக இங்கே செய்யத் தொடங்கினர். 1955-இல் ஆவடியில் இரும்புக் குழாய் ஆலை எழுந்தது. 1960-இல் சங்கிலி ஆலை தோன்றியது. ஆகவே அம்பத்தூர் ஹெர்குலிஸ் ஒன்றின் வயதைப் பொறுத்து, அதன் உடம்பில் உள்ள சீமைப் பங்கு குறைந்துகொண்டே வரும். டயரைப் பொறுத்தவரை அதற்கும் முன்னதாகவே, 1936-இல், வங்காளத்தின் சாகாகஞ்சில் டன்லப் ஆலை தொடங்கியிருந்தது.

பஞ்சாபின் கதை வேறு. அங்கே பெரிய ஆங்கிலப் பெயர்களின் துணை இன்றித் தொழில் வளர்ந்தது. சோனிபத்தில் 1951-இல் அட்லஸ் தோன்றியது. இன்று பாகிஸ்தானில் உள்ள கமாலியாவிலிருந்து வந்த முஞ்சால் சகோதரர்கள், சைக்கிள் உறுப்பு வியாபாரத்தில் தொடங்கி, 1956-இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸை நிறுவினர். ஒரு தெருவில் போர்க், மறு தெருவில் பெடல், இன்னொரு தெருவில் மட்கார்டு என்று சிறு பட்டறைகள் நிறைந்த நகரமாக லூதியானா ஆயிற்று. 1986-இல் உலகில் மிகுதியாகச் சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று ஹீரோ கின்னஸ் நூலில் இடம் பெற்றது. ஒரு காலத்தில் பெட்டி பெட்டியாகச் சைக்கிளை இறக்கிய நாடு, ஆப்பிரிக்காவுக்கும் மேற்கு ஆசியாவுக்கும் பெட்டி பெட்டியாக ஏற்றி அனுப்பும் நாடாயிற்று.

வண்டியே கூறும் சாட்சி

இனி நம் வீட்டு வண்டியைப் பார்ப்போம். முதலில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று: துடைக்கலாம், தேய்க்கலாகாது. மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய துணியால் பழைய கிரீசை நீக்குங்கள். உப்புத்தாளோ, புதுச்சாயமோ வேண்டா. எழுத்து அழிந்தால் சாட்சி அழிந்தது.

முகப்புத் தகட்டில் பெயரை மட்டும் பாராமல் அதன் கீழுள்ள சிறு எழுத்துகளையும் படியுங்கள். ஊர்ப் பெயர் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தகடு ஆணியாலோ திருகாலோ பொருத்தப்பட்டதாகையால் மாற்றப்பட்டிருக்கவும் கூடும். சங்கிலி உறை, இருக்கைக்குக் கீழுள்ள நெடுங்குழாய் ஆகியவற்றில் ஒட்டியிருந்த வண்ண எழுத்துகளின் மிச்சத்தையும் தேடுங்கள்.

அடுத்து, சட்டத்தில் குத்திய எண். இருக்கைத் தண்டு நுழையும் மூட்டிலோ, பெடல் அச்சு ஓடும் குழலின் அடியிலோ, பின் அச்சு அமரும் பிளவிலோ அது இருக்கும். பழைய ரசீதிலோ உரிமச் சீட்டிலோ அவ்வெண் குறிக்கப்பட்டிருந்தால், அதைவிட வலுவான சான்று வேறில்லை.

பெரிய பற்சக்கரத்தில் ராலிக்கு நாரைத் தலையும், ரட்ஜுக்குக் கையும் வெட்டப்பட்டிருக்கும். இவை பெயரைக் காட்டுமேயன்றி ஊரைக் காட்டா. பின் சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் இருப்பின், அதன் குடத்தின் மேல் எண்கள் குத்தப்பட்டிருக்கும். 'ஏ. டபிள்யூ. 52 7' என்றிருந்தால், 1952-ஆம் ஆண்டு ஏழாம் மாதத்தில் அது செய்யப்பட்டது என்று பொருள். ஆனால் அது அச்சக்கரத்தின் வயதே. சக்கரம் மாற்றப்பட்டிருந்தால் வண்டியின் வயது வேறாகலாம்.

நல்ல பட்டறைக்காரர் துணையிருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. பெடல் அச்சின் பால்ரஸ் அமரும் கிண்ணத்தின் திருகு, பிற ஆங்கிலச் சைக்கிள்களில் அங்குலத்துக்கு 24 புரிகள் கொண்டது. ராலி மட்டும் 26 புரிகள் வைத்தது. பிலிப்ஸ் என்றோ பி. எஸ். ஏ. என்றோ பெயர் தாங்கிய சீமைச் சட்டத்தில் 26 புரி காணப்பட்டால், ராலியோடு சேர்ந்த பின் நாட்டிங்காமில் செய்தது என்று ஊகிக்க அது நல்ல ஆதாரம்.

இறுதியாகச் சங்கிலி, ரிம், இருக்கை, விளக்கு, மணி, காற்றுப் பம்பு ஆகியவற்றின் எழுத்துகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். 'மேட் இன் இங்கிலாந்து' என்ற சொல் எந்த உறுப்பின் மேல் இருக்கிறதோ, அந்த உறுப்புக்கு மட்டுமே பொறுப்பு ஏற்கும். பல சான்றுகள் ஒரே ஊரையும் ஒரே காலத்தையும் சுட்டினால்தான் நாம் உறுதியாகப் பேசலாம்.

ஒரு பெரியவரின் ஹெர்குலிஸ்

ஆசன்சோலில் ஓய்வு பெற்ற என்ஜின் டிரைவர் ஒருவர், மகனோடு திருச்சிக்குக் குடிபெயர ஆயத்தமானார். அவருடைய தந்தையார் வைத்திருந்த ஹெர்குலிஸ் சைக்கிள் ஒன்று வீட்டில் இருந்தது. "சீமைச் சைக்கிள்" என்றே மூன்று தலைமுறையும் அதை அழைத்து வந்தது. விலைக்குக் கேட்க வந்த வியாபாரி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கிலாந்துச் சரக்கு அன்று, இரும்பு விலைதான்" என்றார். மகனுக்கு மனம் தளர்ந்தது, கொடுத்துவிடலாம் என்றார். பெரியவருக்கோ தந்தையார் சொல் பொய்யாயிற்றே என்ற வருத்தம்.

என்னை அழைத்திருந்தார்கள். சங்கிலி உறையைத் துடைத்தபோது, கிரீசின் அடியில் மங்கிய எழுத்தில் 'மெட்ராஸ்' என்ற சொல் தெரிந்தது. பின் ஹப்பில் இங்கிலாந்து என்றிருந்தது. பரணில் கிடந்த பழைய டயரில் இந்தியாவில் செய்தது என்றிருந்தது. பெரியவரின் தகரப் பெட்டியில் 1958-ஆம் ஆண்டின் நகராட்சி உரிம வில்லை ஒன்று கிடைத்தது. ஆகவே வண்டி அம்பத்தூரில் பூட்டியது, உறுப்புகளில் சில சீமையிலிருந்து வந்தவை என்று சொன்னேன்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்பத்தூரா? தம்பி, எங்கள் சித்தப்பா அங்கேதானே பிட்டராக இருந்தார்! அவர் சொல்லித்தான் அப்பா இதை வாங்கியிருப்பார்" என்றார். அதன் பிறகு விலைப் பேச்சு எழவில்லை. வண்டி திருச்சிக்குப் பார்சலாகச் சென்றது. சீட்டை எழுதியவன் நானே. 'ஆசன்சோலிலிருந்து' என்று எழுதினேன்.

நாம் செய்யத்தக்கது

சீமையில் செய்தது உயர்வு, நம் நாட்டில் செய்தது தாழ்வு என்னும் எண்ணம் நம் முன்னோர் காலத்தில் ஊன்றியது. அன்று அதற்குக் காரணமும் இருந்தது. நம் ஆலைகள் அப்போதுதான் நடை பழகின. ஆனால் 1950-களில் அம்பத்தூரிலும் ஆசன்சோலிலும் குழாயை இணைத்து, போக்ஸ் கம்பி கோத்து, கோட்டம் எடுத்துப் பழகிய கைகளே இந்நாட்டின் இயந்திரத் தொழிலுக்கு அடிப்படை இட்டவை. அக்கைகளின் வேலையைக் காட்டும் வண்டியை இரும்பு விலைக்குத் தள்ளுவது, நம் வரலாற்றின் ஓர் ஏட்டைப் பொட்டலம் கட்டக் கொடுப்பதற்கு ஒப்பாகும். இங்கிலாந்தில் பிறந்த வண்டி வீட்டில் இருப்பின் அதையும் போற்றுவோம். உண்மையான பெயரால் போற்றுவோம்.

இன்னும் ஒன்று. இரும்பில் உள்ள எழுத்தைப் பின்னரும் படிக்கலாம். வண்டியை யார் வாங்கினார், எந்த ஊரில் வாங்கினார், எந்த இரயிலில் ஏற்றி வந்தார் என்பவற்றைக் கூறவல்ல முதியவர்களை என்றும் கேட்க முடியாது. ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை அன்பர்கள் ஒரு துணியும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டுகிறேன். சட்ட எண்ணையும், உறுப்புகளின் எழுத்துகளையும், பெரியவர்கள் சொல்லும் செய்தியையும் குழந்தைகளைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். அக்குறிப்பைச் சங்கத்துக்கு அனுப்பினால், எந்தெந்த ஊர் வண்டிகள் நம்மோடு எந்தெந்த ஊருக்கு வந்தன என்பதை ஒருங்கே தொகுத்து வைக்கலாம்.